கை மரத்துப்போனால் கழுத்துக்கு ஸ்கேன்: சின்ன நரம்புகளை எம்.ஆர்.ஐ. ஏன் தவறவிடுகிறது?

மயிலாப்பூர் லஸ் கார்னரில் கிளம்பி, தி.நகர் வழியாக அடையாறு வரை ஒரு ரவுண்டு வந்தால் ஸ்கேன் சென்டர் போர்டுகளில் ஒரு எண் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா. எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் இருக்கும் காந்தத்தின் பலம் அது. பைக் வாங்கப்போனால் எத்தனை சி.சி. என்று கேட்பதுபோல, ஸ்கேனுக்குப் போனால் எத்தனை டெஸ்லா என்று கேட்கும் பழக்கமும் வந்துவிட்டது.

கேட்பதில் தப்பில்லை. மூளை, முதுகெலும்பு, மூட்டு என்று வரும்போது அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆனால் மணிக்கட்டில் ஓடும் நரம்பையோ, விரலுக்குள் போகும் நரம்பையோ, தோளுக்குள் பின்னிக்கிடக்கும் நரம்புக் கூட்டத்தையோ பார்க்க வேண்டும் என்றால், போர்டில் இல்லாத விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. எந்த ஆன்டெனாவை மாட்டினார்கள், எத்தனை நிமிடம் ஒதுக்கினார்கள், டாக்டர் சீட்டில் என்ன எழுதினார் என்பதெல்லாம் எந்த போர்டிலும் இருக்காது. நோயாளி யாரும் கேட்பதும் இல்லை.

கழுத்தில் தேடும் கதை

"டாக்டர், ராத்திரியில கை மரத்துப்போகுது. எழுந்து உதறினா சரியாகுது." நரம்பியல் மருத்துவர்களுக்கு மனப்பாடமான வரி இது. வீணை வாசிப்பவரும் சொல்வார், நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கும் டெய்லரும் சொல்வார், கர்ப்பிணியும் சொல்வார், சர்க்கரை நோயாளியும் சொல்வார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்தால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலின் மீதிப் பாதியும் என்றால் முழங்கைக்குப் பின்னால் போகும் அல்னார் நரம்பின் மீது சந்தேகம் வர வேண்டும்.

நடைமுறையில் பல பேர் கையில் வாங்கிக்கொண்டு வருவது கழுத்து எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். அதில் சி5-சி6 டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான், காரணம் கிடைத்துவிட்டது என்று குடும்பமே முடிவு செய்துவிடும். கழுத்துப் பட்டை, தலையணை மாற்றம், பிசியோதெரபி என்று மாதங்கள் ஓடும். மரத்துப்போவது மட்டும் நிற்காது.

அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்? 2015-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. நன்றாக நடமாடும் பத்துப் பேரைப் பிடித்துக் கழுத்தை ஸ்கேன் செய்தால் எட்டு ஒன்பது பேருக்கு அதே வரி வரும் என்று அர்த்தம். கழுத்தில் உண்மையாகவே நரம்பு நசுங்கி கைக்கு வலி இறங்குபவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் கழுத்து ஸ்கேனின் படம் தோளுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். மணிக்கட்டு அந்தப் படத்திலேயே கிடையாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கட்டு நரம்பு நசுங்கும் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையே இல்லை. டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்து, நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் நெர்வ் கண்டக்ஷன் சோதனையைச் செய்தாலே பெரும்பாலும் போதும். அதிலும் பிடிபடாதவை, ஆபரேஷனுக்குப் பிறகும் சரியாகாதவை, நரம்பில் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்படுபவை, விபத்தில் அறுந்தவை ஆகியவற்றுக்குத்தான் படம் தேவைப்படுகிறது. அந்தப் படம் மங்கலாக வந்தால் எடுத்த பணமும் நேரமும் வீண்.

எது நரம்பு?

தமிழில் 'நரம்பு' என்ற சொல்லே கொஞ்சம் குழப்படி செய்யும். ஊசி போட வரும் நர்ஸ் "நரம்பு கிடைக்கலை" என்பார். அவர் தேடுவது ரத்தக் குழாயை. முன்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். போதாததற்கு வீணையின் கம்பிக்கும் பழைய பெயர் நரம்புதான். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் செய்தி கொண்டுபோகும் அசல் நரம்பு வெளியே தெரிவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்கும் இதே குழப்பம் உண்டு. நம் உடம்பில் நரம்பும் சிரையும் தமனியும் பெரும்பாலும் ஒரே கட்டாகத்தான் ஓடுகின்றன. மெதுவாக ரத்தம் ஓடும் சிரை, படத்தில் நரம்பைப் போலவே வெள்ளையாகத் தெரியும். சுற்றியிருக்கும் கொழுப்பும் வெள்ளை. ஆக, வெள்ளைக்கு நடுவே வெள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் லண்டனில் வேலை செய்த ஏரன் ஃபில்லரும் ஃபிராங்க்ளின் ஹோவும் அவர்களுடைய குழுவினரும். 1992, 1993-ல் வந்த அவர்களுடைய கட்டுரைகளில்தான் 'எம்.ஆர். நியூரோகிராஃபி' என்ற பெயரே பிரபலமானது. கொழுப்பின் சிக்னலை அடக்கி, நரம்புக்குள் இருக்கும் நீரின் சிக்னலை மட்டும் தூக்கிக் காட்டுவது அவர்களின் உத்தி. நசுங்கிய நரம்பு, பக்கத்தில் இருக்கும் நல்ல நரம்பைவிடப் பளிச்சென்றும் தடித்தும் தெரியும். எம்.ஆர்.ஐ.க்காக லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் நோபல் பரிசு வாங்கியது 2003-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே நரம்பைத் தனியாகப் படம் பிடிக்கும் வழி வந்துவிட்டது. 30 வருடம் ஆகியும் அது ஏன் இன்னும் சாதாரண ஸ்கேனாக மாறவில்லை?

64 மடங்கு

காரணம் ஒரு கணக்கு. எம்.ஆர்.ஐ. படம் குட்டிக் குட்டிக் கனசதுரங்களால் ஆனது. சர்க்கரைக் கட்டிகளை அடுக்கியதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் இருக்கும் நீர் அனுப்பும் சிக்னலைத்தான் எந்திரம் கேட்கிறது. கட்டி பெரியதாக இருந்தால் சிக்னல் பலமாக வரும், ஆனால் படம் சொரசொரப்பாக இருக்கும். கட்டியைச் சின்னதாக்கினால் நுணுக்கம் கூடும், சிக்னல் குறையும்.

ஒரு கட்டியின் பக்கம் 0.8 மி.மீ. என்று வைப்போம். அதை 0.4 மி.மீ. ஆக்கினால் கொள்ளளவு பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். சிக்னலும் எட்டில் ஒன்று. இழந்ததை ஈடுகட்ட, திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துச் சராசரி பார்க்கலாம். ஆனால் இரண்டு மடங்கு தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பது இயற்கையின் விதி. எட்டு மடங்குக்கு? 64 மடங்கு. நான்கு நிமிடத்தில் முடிந்த ஸ்கேனுக்கு இப்போது 256 நிமிடம் ஆகும். நாலே கால் மணி நேரம் ஆடாமல் அசையாமல் யார் படுத்திருப்பார்கள்?

மணிக்கட்டில் மீடியன் நரம்பின் குறுக்கு வெட்டுப் பரப்பு சுமார் 10 சதுர மி.மீ.தான். விரலுக்குள் போகும் கிளைகள் ஒரு மி.மீ. சொச்சம். அதற்குள்ளும் நார்க்கட்டுகள் தனித்தனியாக இருக்கின்றன. இவற்றை எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் படம் வேண்டும் என்றால் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

போர்டில் இருக்கும் எண் இங்கேதான் சோதனைக்கு வருகிறது. 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்குப் போனால் சிக்னல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பெரிய விஷயம்தான். ஆனால் அதே நேரத்துக்குள் கட்டியின் பக்கத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் போட்டால், ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 0.8 மி.மீ. என்பது சுமார் 0.63 ஆகும். விரல் நரம்புக்கு இது போதாது.

விவரமான டெக்னீஷியன் வேறு வழியில் போவார். நரம்பு நீளவாக்கில் ஓடுவதால், அதற்குச் சரியாகக் குறுக்கே வெட்டி, வெட்டின் தடிமனை 2, 3 மி.மீ. என்றே விட்டுவிட்டு, முகப்பில் மட்டும் நுணுக்கத்தைக் கூட்டுவார். நஷ்டம் குறையும். நரம்பு வளையும் இடத்தில் வெட்டு சாய்ந்துபோனால் படம் கலங்கும், அதனால் நரம்பின் போக்கு தெரிந்தவர் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. காந்தப் புலத்துக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்வில் நரம்பு ஓடினால், எந்த நோயும் இல்லாமலேயே அது பளிச்சென்று தெரியும். தெரியாதவர் பார்த்தால் "நரம்பு வீங்கியிருக்கிறது" என்று எழுதிவிடுவார்.

காது எங்கே இருக்கிறது?

எந்திரத்தின் 'காது' என்று காயிலைச் சொல்லலாம். உடம்பின் மேல் மாட்டும் ஆன்டெனா அது. ஃபுட்பால் மைதானத்தின் நடுவில் ஒருவர் முணுமுணுக்க, கேலரியில் உட்கார்ந்து கேட்க முயல்வதுபோலத்தான் பெரிய காயிலை வைத்து விரல் நரம்பைப் பார்ப்பது. மணிக்கட்டை ஒட்டி இறுக்கமாக மாட்டும் சின்ன காயில், அந்த முணுமுணுப்பைப் பக்கத்திலேயே நின்று கேட்கிறது. உடம்பின் மற்ற பாகங்களிலிருந்து வரும் இரைச்சலும் அதில் குறைவு. 1.5 டெஸ்லா எந்திரத்தில் நல்ல காயில் மாட்டி எடுத்த மணிக்கட்டுப் படம், 3 டெஸ்லாவில் பொருந்தாத காயிலோடு எடுத்த படத்தைவிட நன்றாக வர வாய்ப்பு அதிகம்.

படுக்கும் விதமும் முக்கியம். காந்தப் புலம் குழாயின் நடுவில்தான் சீராக இருக்கும். உடம்புக்குப் பக்கத்தில் கையை வைத்தால் மணிக்கட்டு ஓரத்துக்குப் போய்விடும். அதனால் குப்புறப் படுத்து, ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்வார்கள். சூப்பர்மேன் பறப்பதுபோல. ஐந்து நிமிடத்துக்கு ஜாலியாக இருக்கும். இருபது நிமிடத்தில் தோள் கடுக்கும், கை நடுங்கும், படம் போச்சு. அறுபது வயது ஆள் என்றால் சொல்லவே வேண்டாம்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நிலைமை வேறு. ஒரு பக்கம் நுரையீரலில் காற்று, மறு பக்கம் கழுத்தின் வளைவு. காற்றும் சதையும் சந்திக்கும் இடத்தில் காந்தப் புலம் கோணலாகிவிடும், கொழுப்பை அடக்கும் சாதாரண உத்தி அங்கே வேலை செய்யாது. ஸ்டிர், டிக்சன் என்று வேறு முறைகள் இருக்கின்றன. அவை பல எந்திரங்களில் மெனுவிலேயே உண்டு. தேர்ந்தெடுப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

அந்த நேரம்தான் சிக்கல். கோடிக்கணக்கில் கடன் வாங்கி எந்திரம் போட்ட சென்டருக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பேரை முடித்தாக வேண்டிய நெருக்கடி. முழுக் கைக்கும் நரம்புப் படம் எடுக்க ஒருவரை முக்கால் மணி நேரம் படுக்கவைப்பது அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. அரசு மருத்துவமனையில் காத்திருக்கும் வரிசையே வேறு ஒரு நெருக்கடி. இதில் யாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை. ஆனால் "3 டெஸ்லா எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லை" என்ற பதிலை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை.

48 மணி நேரத்துக்குப் பிறகு

கை மரத்துப்போவது தொந்தரவு. கையே தூக்க முடியாமல் போவது வாழ்க்கைப் பிரச்சினை. பைக்கிலிருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் இழுபட்டால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்கள் கிழியலாம், தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டும் வரலாம். பிரேக்கியல் பிளக்ஸஸ் காயம் என்பார்கள். ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றும், இந்த நரம்பைக் காப்பாற்றாது.

2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 64,105. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. நல்ல திட்டம். அந்த 48 மணி நேரத்தில் டாக்டர்கள் மூளையையும் வயிற்றையும் எலும்பையும் பார்ப்பதுதான் சரி. தொங்கும் கை அப்போது யாருக்கும் முதல் கவலையாக இருக்க முடியாது.

ஆனால் அந்தக் கைக்கும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மி.மீ.தான் வளரும். நரம்பு இணைப்பு இல்லாமல் தசை காத்திருப்பதோ ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம். கழுத்திலிருந்து உள்ளங்கைக்கு 70 செ.மீ. என்று வைத்தால் நரம்பு போய்ச் சேர இரண்டு வருடம் ஆகும். போய்ச் சேரும்போது அங்கே தசை உயிரோடு இருக்காது. அதனால்தான் ஆபரேஷனை முதல் ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள்.

எந்த ஆபரேஷன் என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். நரம்பு நடுவில் அறுந்திருந்தால், காலிலிருந்து ஒரு துண்டு நரம்பை எடுத்து ஒட்டுப்போடலாம். வேரோடு பிடுங்கி வந்திருந்தால் ஒட்டுப்போட அந்தப் பக்கம் எதுவும் இல்லை. வேறொரு நரம்பிலிருந்து கடன் வாங்க வேண்டும். 1994-ல் பிரெஞ்சு மருத்துவர் ஓபர்லின் விவரித்த முறையில், அல்னார் நரம்பின் ஒரு நார்க்கட்டைப் பிரித்து முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைக்கிறார்கள். ஸ்டான்லி மருத்துவமனை, கோவை கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் இந்த வகைக் கை நரம்பு அறுவை சிகிச்சையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே போகும் நோயாளியின் கையில் வெறும் கழுத்து எலும்பு ஸ்கேன் மட்டும் இருந்தால், வேர் பிடுங்கப்பட்டதா, தோளில் அறுந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கும். விபத்தான சில வாரங்களுக்குப் பிறகு, ரத்தக்கட்டும் வீக்கமும் வடிந்ததும், சரியான முறையில் எடுத்த ஒரு நரம்புப் படம் அந்த நோயாளிக்கு மாதக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். சின்ன நரம்பே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது இயக்கும் தசை படத்தில் நிறம் மாறியிருந்தால் எந்த நரம்பு செத்திருக்கிறது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம்.

எம்.ஆர்.ஐ.யால் முடியாதது

சர்க்கரை நோயில் பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது என்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். கோபாலபுரத்தைச் சேர்ந்த சர்க்கரை நோய் ஆராய்ச்சிக் குழுவினர் ஐ.சி.எம்.ஆருடன் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. அவர்களில் பலருக்கு முதலில் கெடுவது தோலுக்குள் முடியும் நுண்ணிய நார்கள். ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பவை. எந்த ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ.யும் அவற்றைத் தனித்தனியாகக் காட்டாது. அங்கே காலில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண நைலான் இழைச் சோதனைதான் முதல் வேலை.

தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்புகளுக்கு அல்ட்ராசவுண்டு இன்னும் நல்ல வழி. 18 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் புரோப் வைத்தால் மணிக்கட்டில் எம்.ஆர்.ஐ.யைவிட நுணுக்கமாகவே தெரியும். செலவும் குறைவு, கையை மடக்கி நீட்டியே பார்க்கலாம். தொழுநோயில் முழங்கைக்குப் பின்னால் தடித்துப்போகும் நரம்பைச் செங்கல்பட்டு மத்திய தொழுநோய் நிறுவனம் போன்ற இடங்களில் விரலால் தடவியே கண்டுபிடித்துவந்தார்கள். உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இன்னும் இந்தியாவில்தான் என்பதால், அந்தத் தடிப்பை அளந்து பார்க்கும் வசதிக்கு மதிப்பு அதிகம். ஆனால் நரம்பியல் டாக்டரின் மேஜையில் ஒரு அல்ட்ராசவுண்டு வைப்பது நம் ஊரில் லேசுப்பட்ட காரியமில்லை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எந்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், கையாள்பவருக்குத் தகுதி விதிகளும் உண்டு. சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நரம்பு மட்டும் பார்க்கும் டாக்டருக்கு அதில் ஒரு தனி வழி யோசிக்கலாம்.

ஏ.ஐ. வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வியும் வருகிறது. குறைந்த தகவலிலிருந்து முழுப் படத்தைக் கணக்குப் போட்டு எடுக்கும் முயற்சி 2007-ல் லஸ்டிக், டோனோஹோ, பாலி எழுதிய கட்டுரையிலிருந்தே சூடுபிடித்தது. இப்போது வரும் எந்திரங்களில் இரைச்சலைத் துடைத்தெடுக்கும் ஏ.ஐ. கூடவே வருகிறது. 64 மடங்கு கணக்கை அது உண்மையாகவே தளர்த்துகிறது. ஆனால் வழவழப்பான படம் சரியான படமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு மி.மீ. நரம்பும் இரைச்சலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது, மென்பொருள் எதைத் துடைத்தது என்று ரேடியாலஜிஸ்ட் சந்தேகப்படத்தான் வேண்டும்.

என்ன கேட்கலாம்?

கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படமாக்கி 2024 டிசம்பரில் உலகத்துக்கே திறந்துவிட்டது. அது நுண்ணோக்கி வேலை, எம்.ஆர்.ஐ. வேறு. ஆனாலும், மூளையை செல் செல்லாகப் பார்க்கும் நகரத்தில், விபத்தில் சிக்கிய டெலிவரி ஊழியரின் தோள் நரம்புக்கு ஒரு நல்ல படம் எடுப்பதை எட்டாத விஷயம் என்று சொல்ல முடியாது.

புது எந்திரமே வாங்க வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு எந்திரம் வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டரில் டெஸ்லா எண்ணோடு மணிக்கட்டு காயில், தோளில் போர்த்தும் வளையும் காயில், டிக்சன் முறை ஆகியவையும் கட்டாயம் என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். ஓமந்தூரார் மருத்துவமனையிலோ, 2023 ஜூனில் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலோ வாரத்தில் ஒரு மதியத்தை நரம்புக்கு என்று ஒதுக்கி, விபத்து நடந்து ஒரு மாதம் கடந்த, கை தூக்க முடியாத நோயாளிகளை வரவழைக்கலாம். 48 மணி நேரத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் விவரம் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து "கை தூக்க முடியுதா?" என்று ஒரு போன் போட்டாலே பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிடலாம்.

தனியாருக்குப் போகிறவர்கள் புக் செய்யும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். எந்த நரம்பு, எந்த இடத்தில் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறாரா? அந்த இடத்துக்கான காயில் அங்கே இருக்கிறதா? வெறுமனே 'எம்.ஆர்.ஐ. கை' என்று எழுதிய சீட்டோடு போனால், முழங்கையா மணிக்கட்டா என்றுகூடத் தெரியாமல் டெக்னீஷியன்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். கேட்டதும் ரிசப்ஷனில் கொஞ்சம் முழிப்பார்கள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.